எட்டாம் பிரிவு

இந்தியாவில் விபசாரம் செய்வதே குற்றம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். சட்டப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாலும் அப்படி ஒரு வரி கிடையாது. விடுதி நடத்துவது குற்றம். அந்த வருமானத்தில் இன்னொருவர் பிழைப்பது குற்றம். ஆள் பிடித்துக் கொடுப்பது, அடைத்து வைப்பது, கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ பக்கத்தில் நடத்துவது, தெருவில் நின்று கூப்பிடுவது எல்லாம் குற்றம். நடுவில் இருக்கிற அந்த ஒன்றை மட்டும் சட்டம் தொடாமல் சுற்றிச் சுற்றி வருகிறது.

இதெல்லாம் நான் வக்கீலுக்குப் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. எழுபதுகளில் சென்னையில் ஒரு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். பிறகு பெஞ்ச் கிளார்க் ஆனேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு நன்றாக வரும். சட்டமும் கணக்கு மாதிரிதான் இருக்கும், குற்றத்தை இந்தப் பக்கம் போட்டால் தண்டனை அந்தப் பக்கம் வந்து விழும் என்று நம்பிக்கொண்டு, எண்ணெய் தேய்த்து வாரிய தலையோடு வேலைக்குப் போன பையன் நான். இப்போது அவனை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. கொஞ்சம் பிரியமும்.

காலையில் போலீஸ் வண்டி வரும். முந்தின இரவு ரெய்டில் பிடித்த பெண்களை இறக்கி வராந்தாவில் வரிசையாகத் தரையில் உட்கார வைப்பார்கள். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கூடவே ஒரு புரோக்கர் இருப்பான். 'மாமா' என்று காவலர்களே கூப்பிடுவார்கள். பணம் கொடுத்துப் போன ஆள் எங்கே என்று பார்த்தால் பெரும்பாலும் இருக்க மாட்டார். இருந்தாலும் சாட்சிப் பட்டியலில் இருப்பார். சோதனை போடும்போது அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய குடிமக்கள் இரண்டு பேராவது உடனிருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். எங்கள் கோர்ட்டுக்கு வந்த மதிப்புக்குரிய குடிமக்கள் வழக்குக்கு வழக்கு மாறவே மாட்டார்கள். ஒரு டீக்கடைக்காரர், ஒரு இட்லிக் கடை அம்மா. எந்தத் தெருவில் ரெய்டு நடந்தாலும் அந்த நேரத்தில் அவர்கள் அந்த வழியாகப் போய்க்கொண்டிருப்பார்கள்.

எங்கள் டவாலி ஒரு பெரியவர். பெயரை மூன்று முறை உரக்கக் கூவி அழைப்பது அவர் வேலை. அவர் குரல் எடுத்தால் தெருமுனை வரை கேட்கும். இந்தப் பெண்களின் வழக்கு வந்தால் மட்டும் கூவ மாட்டார். வராந்தாவுக்கு இறங்கிப் போய், குனிந்து, "எழுந்து வாம்மா" என்பார். முறைப்படி அது தப்பு. ஒருநாள் கேட்டேவிட்டேன். "வெளியில யாரு நிக்கிறாங்கன்னு உனக்குத் தெரியுமா தம்பி? அவ ஊர்க்காரன் எவனாவது வேற கேஸுக்கு வந்திருப்பான்" என்றார். படித்தவர்கள் அத்தனை பேர் இருந்த கட்டடத்தில் இது அவருக்கு மட்டும்தான் தோன்றியிருந்தது.

வழக்கு நடப்பதற்கு அதிக நேரம் ஆகாது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டால் தலையை ஆட்டுவார்கள். அபராதம் விதிக்கப்படும். மத்தியானத்துக்குள் யாரோ வந்து கட்டிவிட்டு, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அடிக்கடி வந்துபோகிற ஒரு நடுத்தர வயதுப் பெண் இருந்தாள். மற்ற பெண்கள் அவளை அக்கா என்பார்கள். ரசீது எழுதும்போது, அபராதம் கட்டுகிற அளவுக்கு வருமானம் இருக்கிறதே என்று நான் ஏதோ புத்திசாலித்தனமாகச் சொல்லிவைத்தேன். அவள் கோபப்படவில்லை. "நாங்க எங்க சார் கட்டறோம்? அவங்க கட்டுவாங்க. அது எங்க கணக்குல கடனா ஏறும். அதைக் கழிக்க மூணு மாசம் ஆவும். அதுக்குள்ள உங்க வண்டி மறுபடியும் வந்துடும்" என்றாள்.

எனக்குத் தெரிந்த கணக்கெல்லாம் அந்த ஒரு பதிலில் கலைந்துபோனது. அவளை அந்த வீட்டிலிருந்து விடுவிக்கத்தான் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தின் அபராதமே அவளை அதே வீட்டோடு இன்னும் இறுக்கிக் கட்டுகிறது. அப்படியானால் இதை யார், எதற்காகப் போட்டார்கள்?

எங்கள் தலைமை எழுத்தரிடம் கேட்டேன். அவர் சட்டப் புத்தகத்தைத் திறந்து முதல் வரியைக் காட்டினார். 1950 மே 9 அன்று நியூயார்க்கில் கையெழுத்தான சர்வதேச உடன்படிக்கையை ஒட்டி 1956ஆம் ஆண்டின் இந்தச் சட்டம் இயற்றப்படுகிறது என்று இருந்தது. நியூயார்க்குக்கும் எங்கள் வராந்தாவுக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கேள்வியோடு சனிக்கிழமைகளில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போக ஆரம்பித்தவன், ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. இந்தத் தொழிலைத் தடுக்க நினைத்த நாடுகள் எல்லாம் ஒரே காரணத்துக்காகத் தடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பயம்.

பிரிட்டனின் பயம் நோய். பட்டாளத்துக்காரர்களும் கப்பல் படையினரும் பால்வினை நோயில் படுத்துவிட, 1864இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ராணுவ ஊர்களிலும் துறைமுகங்களிலும் சந்தேகப்படும் பெண்ணைப் போலீஸ் பிடிக்கலாம், மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தலாம், நோய் இருந்தால் ஆஸ்பத்திரியில் அடைத்து வைக்கலாம். சிப்பாய்க்கு அந்தச் சோதனை இல்லை. நோய் அவளிடமிருந்து கிளம்புகிறது, அவனிடம் வந்து சேர்கிறது என்பது அவர்கள் முடிவு. 1868இல் அதே மாதிரி ஒரு சட்டம் இந்தியாவுக்கும் வந்தது. ஜோசஃபின் பட்லர் என்ற அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். நல்ல குடும்பத்துப் பெண் வாயில் வரக்கூடாத பேச்சு என்று அன்றைக்குப் பலர் முகம் சுளித்தார்கள். விடாமல் பேசி, 1886இல் பிரிட்டனில் அந்தச் சட்டத்தை எடுக்க வைத்தார்.

அடுத்த பயம் ஆள் கடத்தல். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1885இல் லண்டனில் டபிள்யூ. டி. ஸ்டெட் என்ற பத்திரிகை ஆசிரியர், சிறுமிகள் விலைக்கு வாங்கப்படுவதை நிரூபிக்கத் தானே ஒரு சிறுமியை வாங்கிக் காட்டித் தொடர் எழுதினார். ஊரே கொதித்தது. அதே ஆண்டு பெண்ணின் சம்மத வயதை 13இலிருந்து 16ஆக உயர்த்தினார்கள். அவரையும் பிடித்து மூன்று மாதம் சிறையில் போட்டார்கள். கடத்தலை நிரூபித்தவரும் கடத்தியவர் கணக்கில் சேர்ந்துவிட்டார்.   அதற்குப் பிறகு 1904இலும் 1910இலும் நாடுகள் கூடி உடன்படிக்கை போட்டன. 1949 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாக்கியது. இந்தத் தொழில் மனிதரின் கண்ணியத்தோடு ஒத்துப்போகாது என்று அதன் முகவுரையிலேயே எழுதிவைத்தார்கள். நம் அரசியல் சாசனத்தின் 23ஆம் உறுப்பும் மனித வியாபாரத்தைத் தடை செய்கிறது. தலைமை எழுத்தர் காட்டிய நியூயார்க், 1949இல் சபை ஏற்று 1950இல் கையெழுத்தான அந்த உடன்படிக்கைதான்.

சென்னைக்கு இதில் தனிச் சரித்திரம் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் தேவதாசி மரபில் வந்தவர். 1927இல் மதராஸ் சட்டசபைக்குப் போன முத்துலட்சுமி, பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை ஒழிக்கப் போராடினார். அந்தச் சூழலிலேயே வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாத செய்திகளை மேடையில் சொன்னார், 1936இல் நாவலாகவும் எழுதினார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. இதற்கு நடுவே 1930இல் விபசாரத் தடுப்புச் சட்டம் ஒன்றும் மதராஸ் மாகாணத்தில் வந்துவிட்டது. முத்துலட்சுமியம்மா சட்டத்தோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தப்பி வந்த பெண்களை எந்த விடுதியும் சேர்க்காதபோது தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அவருடைய அவ்வை இல்லம் அப்படித்தான் வளர்ந்தது. வெளியே வா என்று ஒரு பெண்ணிடம் சொல்வதற்கு முன்னால் எங்கே வருவது என்பதற்கு அவரிடம் பதில் இருந்தது.

மூன்றாவது, குடும்பமும் ஒழுக்கமும் கெட்டுவிடும் என்ற பயம். உலகில் அதிகமான நாடுகளில் சட்டத்துக்குப் பின்னால் நிற்பது இதுதான் என்று நினைக்கிறேன், வெளியே வேறு காரணம் சொன்னாலும். மதங்கள் இதைப் பாவம் என்கின்றன. வள்ளுவரும் ஒரு அதிகாரமே எழுதியிருக்கிறார். அந்தப் பெண்களைப் பற்றி அவர் நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் புத்தி சொல்வதெல்லாம் போகிறவனுக்கு. பிடித்து அடை என்று அரசனுக்கு அங்கே யோசனை இல்லை. எங்கள் கோர்ட்டில் எப்போதும் அதற்கு நேர்மாறு. போகிறவனுக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை.

சுவீடன்காரர்கள் 1999 ஜனவரி முதல் தேதியிலிருந்து இதைத் திருப்பிப் போட்டார்கள். விற்கிற பெண்ணுக்குத் தண்டனை இல்லை, வாங்குகிற ஆளுக்குத்தான். காசு இருக்கிற ஆண், காசு இல்லாத பெண்ணின் உடலை விலை பேச முடிகிறவரைக்கும் சமத்துவம் என்று பேச முடியாது என்பது அவர்கள் வாதம். நார்வேயும் ஐஸ்லாந்தும் 2009இல் பின்தொடர்ந்தன, பிரான்ஸ் 2016இல். தெருவில் நடக்கும் தொழில் பாதியாகக் குறைந்தது என்று சுவீடன் அரசின் 2010 அறிக்கை சொன்னது. வருகிற ஆள் போலீசுக்குப் பயந்தால் பெண்தான் ஆளை எடைபோட நேரமில்லாமல் அவசரமாகக் காரில் ஏற வேண்டியிருக்கிறது என்று தொழிலில் இருப்பவர்கள் சொன்னார்கள். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம்.

நியூசிலாந்து வேறு பக்கம் திரும்பியது. 2003இல் அங்கே இது குற்றமல்ல என்று சட்டம் வந்தது. ஆதரவு 60, எதிர்ப்பு 59, ஒருவர் வாக்களிக்கவில்லை. ஒரே ஒரு ஓட்டு! அந்த விவாதத்தில் பேசியவர்களில் ஜார்ஜினா பேயர் என்ற உறுப்பினரும் ஒருவர். ஒரு காலத்தில் அந்தத் தொழிலிலேயே இருந்த திருநங்கை. அடிபட்டால் போலீசிடம் போய் நிற்க முடியாத நிலை எப்படி இருக்கும் என்று அந்தச் சபையில் அனுபவத்திலிருந்து சொல்லக்கூடியவர் அவர்தான்.

நம் நாட்டிலும் அப்படி ஒரு குரல் ஆரம்பத்திலேயே எழுந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் 1958 மே மாதம் நடைமுறைக்கு வந்ததும், ஹுஸ்னா பாய் என்ற பெண் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். என் தொழிலைச் செய்ய அரசியல் சாசனம் எனக்கு உரிமை தந்திருக்கிறது, என்னை நம்பி வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், இந்தச் சட்டம் அதைப் பறிக்கிறது என்று மனுப் போட்டார். மனு தள்ளுபடியாகிவிட்டது. இருந்தாலும் முக்காடு போட்டுக் குனிந்து நிற்க வேண்டியவள் என்று எல்லோரும் முடிவு கட்டிவைத்த ஒரு பெண், அரசியல் சாசனத்தின் உறுப்பு எண்ணைச் சொல்லி வழக்குப் போட்டாள் என்று படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். எங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் அப்படிப் பேசக்கூடியவர்களாக இருந்தார்களோ.

ஜாமீனுக்கு ஆள் இல்லாத பெண்களை அரசுக் காப்பகத்துக்கு அனுப்புவார்கள். புரோக்கர் உள்ளவளுக்கு அன்று மாலையே விடுதலை, யாருமற்றவளுக்குப் பூட்டிய கதவு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் நிர்மலா என்ற மாணவி, எய்ட்ஸ் கிருமி இந்தியாவுக்கு வந்துவிட்டதா என்று பார்க்க ரத்த மாதிரிகள் தேடியபோது, காப்பகத்தில் இருந்த இந்தப் பெண்களிடம்தான் போனார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்ததில் ஆறு பேருக்கு இருந்தது. இந்தியாவில் அந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது அப்படித்தான். அந்த மருத்துவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் செய்தி வெளிவந்ததும் ஊர் பேசியது 1864ஆம் ஆண்டுப் பேச்சு. நோய் அவர்களிடமிருந்து வருகிறதாம். அவர்களுக்கு யார் கொடுத்தார்கள் என்று எங்கள் ஆபீஸ் கேன்டீனில் ஒருவரும் கேட்கவில்லை.

இவ்வளவு சொல்கிறேனே என்று, இந்தச் சட்டமே வேண்டாம் என்கிற ஆள் என்று என்னை எண்ண வேண்டாம். ஒருமுறை ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பதினாறு வயது இருந்தால் அதிகம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை வாங்கித் தருகிறேன் என்று உறவுக்காரி ஒருத்தி கிராமத்திலிருந்து அழைத்து வந்து விட்டுவிட்டாள். வயது என்ன என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். சொல்லிக்கொடுத்தபடி "இருபது" என்றது. எந்த வருஷம் பிறந்தாய் என்று கேட்டார். அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தரவில்லை, விழித்தது. மாஜிஸ்ட்ரேட் பேனாவை வைத்துவிட்டு, குற்றப்பத்திரிகையைத் திருப்பி அனுப்பி, அந்த உறவுக்காரியைத் தேடச் சொன்னார். பிடிக்கவும் பிடித்தார்கள். அவள்மீது போட்ட பிரிவுகளை அன்றைக்கு நான் அவ்வளவு அழுத்தி டைப் அடித்ததில் கார்பன் பேப்பர் ஓட்டையாகிவிட்டது. அந்தப் பிரிவுகள் எந்த நாளும் இருக்க வேண்டும்.

விருப்பப்பட்டு வருகிறவர்கள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள், அவர்களையும் பார்த்திருக்கிறேன். பசியும் கடனும் பின்னால் நிற்கும்போது விருப்பம் எங்கே முடிகிறது, வேறு வழியின்மை எங்கே தொடங்குகிறது என்று கோடு போட எனக்குத் தெரியாது. ஆனால் விருப்பமானாலும் கட்டாயமானாலும், அவளை வண்டியில் ஏற்றி வராந்தாவில் உட்கார வைத்ததால் பயன் அடைந்த ஒருத்தியை நான் பார்க்கவில்லை. பாதுகாப்புக்காக இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் இருந்து தொழில் செய்தால் அந்த வீடு விடுதி ஆகிவிடும். அவள் சம்பாத்தியத்தில் படிக்கிற மகனுக்குப் பதினெட்டு வயது நிறைந்தால் அவனையும் குற்றவாளியாக்க இடம் இருக்கிறது. கடத்துகிறவனைப் பிடிக்க விரித்த வலை இது. அவன் கையில் கத்தரிக்கோல் இருக்கிறது.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சில வழிமுறைகளைச் சொன்னது. சோதனை போடும்போது வயதுவந்த பெண்களைக் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது, முகத்தைப் பத்திரிகையில் காட்டக் கூடாது, அவர்களுக்கும் ஆதார் அட்டை தர வேண்டும். எங்கள் டவாலி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. யாருடைய உத்தரவும் இல்லாமல் அவர் செய்த காரியம் அது.

பூங்காவில் காலை நடைக்கு வரும் எங்கள் செட்டில் இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஒரேயடியாத் தடை பண்ணிடணும் சார்" என்றார் ரிட்டயர்ட் தாசில்தார். "அதெல்லாம் நடக்காது. லைசென்ஸ் குடுத்து வரி வாங்கணும்" என்றார் பேங்க் மேனேஜராக இருந்தவர். எந்தப் பிரிவை எடுக்கணும், எந்தப் பிரிவை வைக்கணும் என்று கேட்டேன். கிளார்க் புத்தி போகவில்லை என்று சிரித்தார்கள். எட்டாம் பிரிவைப் பாருங்கள் என்றேன். மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனில் தேடிப் படித்தார். பொது இடத்தில் நின்று ஆளைக் கூப்பிட்டால் முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை. அதையே ஓர் ஆண் செய்தால் ஏழு நாளிலிருந்து மூன்று மாதம்.

"வெள்ளைக்காரன் போட்டதா?" என்றார் தாசில்தார்.

"1986 திருத்தம். நம்ம பார்லிமென்ட்."

மேனேஜர் மேலே தள்ளி ஏழாம் பிரிவுக்குப் போயிருந்தார். வழிபாட்டு இடத்திலிருந்து இருநூறு மீட்டருக்குள் கூடாது என்று இருந்தது. சென்னையில் பிள்ளையார் கோயிலிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி ஒரு இடம் இருக்கிறதா என்று ஒருவர் கேட்கப்போக, ஆளுக்கு ஒரு தெருவாகச் சொல்லி, சொல்லியதையெல்லாம் இன்னொருவர் அடித்துவிட்டு, அன்றைக்கு எங்களுடைய இரண்டாவது சுற்று நடக்கவே இல்லை.